மேலே ஈரம், அடியில் தூள்

குழித்தட்டில் விதைத்த தக்காளியும் மிளகாயும் ஒரே வாரத்தில் இரண்டு விதமாகச் சாகத் தொடங்கின. தக்காளி நாற்று தண்டு அழுகிச் சாய்ந்தது. மிளகாய் நாற்று தண்ணீரே பார்க்காததுபோலத் துவண்டது. இரண்டுக்கும் தண்ணீர் தெளித்தது ஒரே கைத்தெளிப்பான், வேளைக்கு ஒரே அளவு. இதன் காரணம் பிடிபட எனக்குச் சில நாள் ஆனது. அதை முழுசாக எழுதி வைக்கிறேன். மாடித்தோட்டம் தொடங்குகிற பலர் மண்ணுக்கும் விதைக்கும் அடுத்தபடியாக வாங்குவது ஒரு ஸ்பிரேயரைத்தான். கடையில் அதைப் பற்றிக் கிடைக்கிற விவரமோ, "மெதுவாத் தண்ணி விழும் சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஏற்பாடு

எங்கள் வீடு திருச்சியில். மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டிய ஒரு பந்தல், அதற்குள் செடி வளர்க்கும் பைகள் இருபது. ஆடிப்பெருக்கன்று, ஆகஸ்ட் 3, இரண்டு குழித்தட்டுகளில் விதை போட்டேன். தட்டுக்கு 98 குழி. ஒன்றில் பி.கே.எம்-1 ரகத் தக்காளி, இன்னொன்றில் மிளகாய். நிரப்பியது மட்கிய தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மண்புழு உரம்.

ஸ்பிரேயர் வாங்கியதற்கு ஒரு முன்கதை உண்டு. ஆனி மாதம் ஒரு தட்டு போட்டிருந்தேன். அதற்குக் குவளையால் தண்ணீர் ஊற்றியதில் நார்க்கழிவு மிதந்து எழும்பி, விதைகள் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன. முளைத்தபோது ஒரு குழியில் மூன்று நாற்று, பக்கத்தில் ஐந்து குழி காலி. பூவாளியிலும் ஊற்றிப் பார்த்தேன். மலிவான பிளாஸ்டிக் பூவாளி, துளைகள் பெரிது, தண்ணீர் விழுந்த இடமெல்லாம் பள்ளம். அதற்குப் பயந்துதான் இந்த முறை 1 லிட்டர் விசை ஸ்பிரேயர் ஒன்று வாங்கினேன், விரலால் அழுத்தினால் பனி மாதிரி அடிக்குமே, அது.

முளைக்கும் வரை அது அருமையாக வேலை செய்தது. தட்டுகளை நன்றாக நனைத்து, விதை போட்டு, மேலே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பாலித்தீன் தாள் மூடினேன். காலையில் ஒருமுறை திறந்து செய்தித்தாள் ஈரமாகும் அளவுக்கு நாலைந்து தடவை அழுத்துவதோடு சரி. ஒரு விதைகூட இடம் மாறவில்லை. தக்காளி 6-ஆம் நாள் தலைகாட்டியது, 98-இல் 91. மிளகாய்க்கு 9 நாள் ஆயிற்று, 82 முளைத்தது.

மிளகாய் முளைக்கும்போது நான் ரசித்துப் பார்த்த ஒன்று உண்டு. சில நாற்றுகள் விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் சுமந்துகொண்டே எழும்பும். தோல் காய்ந்துவிட்டால் வித்திலைகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் இலையும் சேர்ந்து கிழிந்துவிடும். அந்தத் தொப்பிமேல் விடிகாலையில் இரண்டு முறை பனி அடித்துவிட்டு அரை மணி நேரம் விட்டால் தோல் ஊறி நெகிழும், இலை தானே விரித்துத் தள்ளிவிடும். இந்த வேலையைக் குவளையோ பூவாளியோ செய்யாது. ஸ்பிரேயர்மேல் எனக்கு நம்பிக்கை கூடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடாக்கை எடுத்ததும் தட்டுகளை இடம் மாற்றினேன். தக்காளியை மாடிப்படி அறையின் சுவரோரமாக வைத்தேன். மிளகாய்க்கு வெளிச்சம் வேண்டும் என்று கைப்பிடிச் சுவர் பக்கம், பந்தலின் திறந்த ஓரத்தில் வைத்தேன். தண்ணீர் மூன்று வேளை. காலையில் அலுவலகம் போகும் முன் நான், மதியம் அம்மா, இரவு ஒன்பது மணிக்கு மறுபடி நான். தட்டுக்கு வேளைக்கு நாற்பது தடவை அழுத்துவோம். மேலே நார்க்கழிவு கருத்துவிட்டால் ஈரம் போதும் என்று கணக்கு.

சாயத் தொடங்கிய நாள்

12-ஆம் நாள் காலை, தக்காளித் தட்டின் சுவர்ப்பக்க மூலையில் நான்கு நாற்று படுத்திருந்தது. இலை பச்சையாகவே இருந்தது, வாட்டம் எதுவும் இல்லை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மண்மட்டத்தில் தண்டு நீர் கோத்து, கண்ணாடி மாதிரி ஆகி, நூலாக மெலிந்திருந்தது. அதற்கு மேலும் கீழும் தண்டு நன்றாக இருந்தது. அந்த ஒரு கோடு மட்டும் அழுகியிருந்தது. அடுத்த இரண்டு நாளில் மூலையிலிருந்து வட்டமாகப் பரவி, மொத்தம் 31 நாற்று போய்விட்டது.

14-ஆம் நாள் மிளகாயும் தலை தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், மேலே ஈரம். அம்மாவும் பார்த்துவிட்டு, "ஈரமாத்தான்டா இருக்கு, இதுக்கும் அதே நோவு வந்துருச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று மாலை கடைக்குப் போய்ப் பூஞ்சாணக்கொல்லி வாங்கி இரண்டு தட்டுக்கும் அடித்துவிடுவதாக இருந்தேன். அடித்திருந்தால் மிளகாய் அத்தனையும் போயிருக்கும். நல்லவேளையாக, கடைக்குப் போகிற வழியில் ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. இரண்டு தட்டையும் வண்டியில் வைத்து எடுத்துப்போய் அங்கே காட்டினேன்.

அங்கு நாற்று எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா தட்டை வாங்கியதும் மேலே பார்க்கவே இல்லை. தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடித்துளைகளைப் பார்த்தார். அப்புறம் மிளகாய்த் தட்டின் அடியில் விரலால் நெட்டி, ஒரு நாற்றை வேர்க்கட்டியோடு வெளியே எடுத்தார். மேல் ஒரு விரல்கடை கருப்பாக, ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே வெளிறிய பழுப்பு. லேசாக அழுத்தியதும் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. வேர் முழுக்க அந்த மேல் ஈரத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

"தம்பி, ரெண்டும் ஒரே நோவு இல்ல. அது தண்ணி குடிச்சுச் செத்தது, இது குடிக்காம சாவுது" என்றார்.

"ஒரே அளவுதான்க்கா தெளிச்சேன்."

"தெளிச்சீங்க சரி, ஊத்துனீங்களா? ஊத்துனா கீழ சொட்டணும்."

பக்கத்தில் அவர்கள் தண்ணீர் விடுவதைக் காட்டினார். பூவாளியின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். தண்ணீர் வானத்தைப் பார்த்து எழும்பி, வளைந்து, வேகம் குறைந்து மழைத்தூறலாக விழுகிறது. முதலில் வருகிற கனத்த தாரையைத் தட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, தூறல் சீரானதும் தட்டின்மேல் கொண்டுபோகிறார்கள். அடித்துளைகளில் தண்ணீர் சொட்டியதும் நிறுத்தம். அப்புறம் மறுநாள்தான். நான் ஆனி மாதத்தில் பூவாளியைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தேன். பள்ளம் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

தராசில் வைத்துப் பார்த்தபோது

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். ஸ்பிரேயரை 100 தடவை அழுத்தி மருந்து அளக்கிற குப்பியில் பிடித்தால் 92 மில்லி. ஓர் அழுத்தலுக்கு 1 மில்லிகூட இல்லை. வேளைக்கு நாற்பது என்றால், மூன்று வேளைக்கு ஒரு நாளில் ஒரு தட்டுக்கு நான் தந்தது சுமார் 110 மில்லி.

மிளகாய்த் தட்டை நன்றாக ஊறவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன், 2 கிலோ 300 கிராம். பழைய இடத்திலேயே வைத்து, எதுவும் தெளிக்காமல் மறுநாள் அதே நேரத்தில் நிறுத்தால் 1 கிலோ 860. ஒரே நாளில் 440 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. சுவரோரத் தக்காளித் தட்டில் அதே 24 மணி நேரத்தில் குறைந்தது 130 கிராம்.

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அந்தக் காற்று தட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் அடித்த பனியில் ஒரு பங்கு தட்டில் விழுவதற்கு முன்பே காற்றோடு போயிருக்கும். விழுந்தது மேல் ஒரு விரல்கடையை மட்டும் நனைத்தது. தினமும் 440 போகிற இடத்தில் 110 வருகிறது, அந்தப் பாக்கி முழுக்க அடியிலிருந்து கழிந்துகொண்டே இருந்தது. தென்னை நார்க்கழிவு நனைந்தவுடன் கருத்துவிடும், காய்ந்தால் வெளுக்கும். மண்ணை விட அதில் நிறமாற்றம் பளிச்சென்று தெரியும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நானும் அம்மாவும் ஏமாந்தோம்.

சுவரோரத்தில் இதற்கு நேர் எதிர். போவது 130, வருவது 110. அடியில் முதல் நாள் ஊறிய ஈரம் அப்படியே நிற்க, மேலே மூன்று வேளையும் புது ஈரம். போதாக்குறைக்கு இரவு ஒன்பது மணிக்கு அடித்த தண்ணீர் விடியும் வரை தண்டைச் சுற்றிப் படலமாக நின்றது. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் இப்படிப்பட்ட இடத்துக்காகவே காத்திருக்கிற உயிரி. அதன் வித்துகள் தண்ணீர்ப் படலத்தில் நீந்தியே அடுத்த நாற்றுக்குப் போகக்கூடியவை. காற்றோட்டம் இல்லாத மூலை, இரவெல்லாம் ஈரம். மூலையிலிருந்து வட்டமாகப் பரவியது அதனால்தான்.

கைத்தெளிப்பான் மேற்பரப்பை மட்டுமே நனைக்கும். மேற்பரப்பு உலர வேண்டிய இடத்தில் அதை உலர விடாது, அடி நனைய வேண்டிய இடத்தில் அடிக்குப் போய்ச் சேராது. எனக்கு வந்த இரண்டு இழப்பும் இந்த ஒரே குணத்தால் வந்தவை.

என்ன செய்தோம்

சாய்ந்த தக்காளி பிழைக்காது, அதற்கு வைத்தியம் கிடையாது. அந்தக் குழிகளையும் சுற்றி ஒரு வரிசையையும் கரண்டியால் நார்க்கழிவோடு தோண்டி எடுத்து வெளியே போட்டேன். தட்டைச் சுவரோரத்திலிருந்து காற்று வரும் இடத்துக்கு மாற்றி, இரண்டு நாள் தண்ணீரே காட்டவில்லை. மீதி நாற்றுக்குச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினேன். ஐந்தாறு நாற்று அப்புறமும் போயிற்று, 44 தேறியது. விதைப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (இது நன்மை செய்யும் பூஞ்சாணம்) அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்கிறது. வீட்டில் விதைக்கிற ஐந்து கிராம் விதைக்கு அது ஒரு சிட்டிகைதான். அதைச் செய்யாமல் விட்டது என் சோம்பல்.

மிளகாய்க்கு அன்றிரவே அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல்கடை தண்ணீர் விட்டுத் தட்டை அதில் உட்காரவைத்தேன். முழுதும் காய்ந்த நார்க்கழிவு முதலில் தண்ணீரை ஏற்காது, மிதக்கப் பார்க்கும். தட்டின்மேல் நான்கு மூலையிலும் சின்னக் கல் வைத்து அழுத்தினேன். அரை மணி கழித்துத் தூக்கினால் தட்டு கனத்திருந்தது. விடிந்து பார்த்தபோது பெரும்பாலானவை நிமிர்ந்து நின்றன. ஆறு நாற்றுக்கு வேர் நுனி காய்ந்துபோயிருந்தது போலும், அவை மட்டும் எழவில்லை. அதன்பின் காலையில் ஒரு வேளை மட்டும், தாம்பாளத்தில் ஊறவைப்பது அல்லது வாய் நிமிர்த்திய பூவாளி. இரவில் எதுவும் கிடையாது. 76 மிளகாய் நாற்றும் நாற்பதாவது நாள் நடவுக்குத் தயாராக நின்றன. பந்தலில் அவ்வளவுக்கு இடமில்லை. தெருவில் ஏழெட்டு வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஸ்பிரேயருக்கு உரிய வேலை

பைக்கு மாற்றிய செடிக்கு ஸ்பிரேயரால் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெயில் நாளில் ஒரு பைக்கு 1 லிட்டர் என்றால் ஆயிரத்துக்கு மேல் அழுத்த வேண்டும். ஆனால் அதே செடிக்கு ஸ்பிரேயரால் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அதில் அதற்கு நிகரே கிடையாது.

மிளகாயில் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் குடை மாதிரி கவிழ்ந்தால் சிலந்திப் பேன் (மைட்). இரண்டுமே பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருந்துதான் உறிஞ்சும். அதனால் மேலே எவ்வளவு அடித்தாலும் அதற்கு உறைக்காது. முனையைச் செடிக்குக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கி அடிக்க வேண்டும். இங்கேதான் சாதாரண விசை ஸ்பிரேயர் காலை வாரும். சாய்த்தால் உள்குழாயின் நுனி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும், வெறும் காற்றுதான் வரும். பாட்டிலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி வைத்துக்கொண்டு, குழாய் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகச் சாய்த்தால் சமாளிக்கலாம். பைகள் பத்துக்கு மேல் போனால் பம்ப் அடித்துக் காற்று ஏற்றும் 2 லிட்டர் ஸ்பிரேயர் நல்லது. விரலும் வலிக்காது, துளியும் சீராக இருக்கும்.

வேப்பெண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். முதலில் அடிக்கிற நாலு செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய் என்று ஆகிவிடும். அந்தக் கடைசிச் செடி கருகும். 5 மில்லி எண்ணெயோடு சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை கலக்கி, அப்புறம் சிறிது சிறிதாக 1 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். அடிக்கும்போதும் நடுநடுவே குலுக்க வேண்டும். நேரம் மாலை. வேம்பின் சாரம் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீ நடமாட்டமும் அந்நேரம் குறைந்துவிடும். மாலை அடிப்பதற்கும் இரவில் ஈரம் கூடாது என்றதற்கும் முரண் இல்லை. ஐந்து மணிக்கு அடித்தால் இருட்டுவதற்குள் இலை உலர்ந்துவிடும். ஒன்பது மணிக்கு அடித்தால் உலராது.

மதியம் தண்ணீர் தெளித்தால் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று அம்மா பயப்படுவார். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி ஒட்டிப் படர்ந்து உட்காருவதால் வெயில் இலைக்குள் குவிவதில்லை. துளியை மேலே தாங்கிப் பிடிக்கிற ரோமங்கள் உள்ள இலையில்தான் சுட வாய்ப்புண்டு. என் அனுபவத்தில் மதியத் தெளிப்பின் தொல்லை வேறு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். தண்ணீர் ஆவியானதும் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகிறது. இலை கழுவுவதற்கும் மருந்து கலப்பதற்கும் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத்தான் இப்போது பயன்படுத்துகிறோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். களைக்கொல்லி கலந்த ஸ்பிரேயரைச் செடிப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. கழுவினேன், மூன்று தடவை அலசினேன் என்றாலும் கூடாது. 2,4-டி மாதிரியான மருந்து வாஷரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய அளவிலேயே தக்காளி இலையை முறுக்கிவிடும். இரவல் வாங்கும்போது இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஸ்பிரேயர் இரண்டு. தண்ணீருக்கு உள்ளதில் நீலப் பெயிண்ட் கோடு, மருந்துக்கு உள்ளதில் சிவப்புக் கோடு.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பஞ்சகவ்யாவை மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றினால் முனை அன்றே அடைக்கும். அடைத்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிப் பனிக்குப் பதில் தாரை வரும். முனையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். பம்ப் ஸ்பிரேயரின் வாஷருக்கு மாதம் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். வேலை முடிந்ததும் காற்றை இறக்கிவிடுங்கள். காற்று ஏற்றியபடி வெயிலில் வைக்கக் கூடாது.

இந்த ஆடியில் மறுபடி நான்கு தட்டு போட்டிருக்கிறோம், கத்தரியும் சேர்த்து. மூடாக்கு எடுக்கும் வரை நீலக் கோடு போட்ட ஸ்பிரேயர், அப்புறம் தாம்பாளம். நேற்று நான் நார்க்கழிவின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஈரம் இருக்கிறது என்றேன். அம்மா தட்டின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்குடா" என்று தண்ணீர் எடுக்கப் போனார்.